இரண்டு இழுப்புகளுக்கு நடுவில்

1967 ஆகஸ்ட் மாதம். பொலிவியக் காட்டில் சிறு கெரில்லாக் குழுவோடு அலைந்துகொண்டிருந்த சே குவேராவின் காதில் வானொலிச் செய்தி ஒன்று விழுந்தது. அவர்கள் பொருட்களைப் பதுக்கி வைத்திருந்த குகைகளை ராணுவம் கண்டுபிடித்துவிட்டது. ஆவணங்களும் புகைப்படங்களும் போயின. கூடவே சேவின் ஆஸ்துமா மருந்துகளும் போயின. இனி எத்தனை நாள் மூச்சுத்திணறலோடு கிடக்க வேண்டுமோ என்று அன்றைய நாட்குறிப்பில் நொந்துகொள்கிறார். அதற்கு முந்தைய மாதம்தான், ஜூலை 6 அன்று, அவருடைய ஆட்கள் சமைபாட்டா என்ற ஊருக்குள் புகுந்தார்கள். மருந்து எடுத்து வருவதும் அவர்கள் நோக்கங்களில் ஒன்று. மருந்துகள் கிடைத்தன, ஆஸ்துமாவுக்கானது கிடைக்கவில்லை.

சேவுக்கு இந்த நோய் இரண்டு வயதில் வந்தது. அவருக்காகவே குடும்பம் அர்ஜென்டினாவில் அல்டா கிராசியா என்ற வறண்ட மலையூருக்குக் குடிபெயர்ந்தது. வளர்ந்து மருத்துவம் படித்தார், ஒவ்வாமை ஆய்விலும் வேலை பார்த்தார். நோயைப் பற்றி இவ்வளவு தெரிந்திருந்தும் அவர் கையில் இருந்த வழி ஒன்றுதான். இழுப்பு வந்தால் அட்ரினலின் போன்ற எதையாவது போட்டு அடக்க வேண்டும், பிறகு அடுத்த இழுப்புக்குக் காத்திருக்க வேண்டும். இன்று உலகம் முழுவதும் புழங்கும் சால்பூட்டமால் இன்ஹேலர் அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1969இல்தான் விற்பனைக்கு வந்தது. நோயின் வேரைத் தொடும் ஸ்டீராய்டு இன்ஹேலர் 1972இல் வந்தது.

சேவுக்கு வேறு வழி இருக்கவில்லை, நமக்கு இருக்கிறது. ஆனாலும் நம்மூரில் பலர் இன்றும் 1967இல் வாழ்பவர்கள்போலத்தான் ஆஸ்துமாவைச் சமாளிக்கிறார்கள். வீசிங் வந்தால் ஓடிப்போய் நெபுலைசர் வைத்துக்கொள்வார்கள், ஓர் ஊசி போட்டுக்கொள்வார்கள். மூச்சு சீரானதும் மருந்துச் சீட்டு அலமாரிக்குள் போய்விடும். உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வின் 2019ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் ஏறத்தாழ 3.43 கோடி ஆஸ்துமா நோயாளிகள் இருக்கிறார்கள். உலக எண்ணிக்கையில் இது சுமார் 13 சதவீதம். ஆனால் உலகின் ஆஸ்துமா மரணங்களில் 42 சதவீதத்துக்கும் மேல் இந்தியாவில் நிகழ்கின்றன. நம் நுரையீரல் மற்றவர்களுடையதைவிட மோசமானது இல்லை. இழுப்புக்கு மட்டும் வைத்தியம் பார்த்துவிட்டு நோயை விட்டுவிடுகிறோம்.

இழுப்பின்போது உள்ளே நடப்பது என்ன? தொண்டையிலிருந்து இறங்கும் மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிகிறது, ஒவ்வொரு கிளையும் மறுபடி இரண்டாகிறது. இப்படிச் சுமார் 23 முறை கிளைத்துத்தான் காற்று நுண்ணறைகளைச் சேர்கிறது. ஆஸ்துமாவில் இந்தக் கிளைகளில் மூன்று காரியங்கள் நடக்கின்றன. குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. உட்சுவர் வீங்குகிறது. கெட்டியான சளி சுரந்து மிச்சமிருக்கும் இடத்தை அடைக்கிறது. தசை இறுகுவது நிமிடக் கணக்கில் நடக்கும், மருந்து கொடுத்தால் அதே வேகத்தில் தளரவும் செய்யும். வீக்கம் அப்படியில்லை. அது ஏற நாட்கள் ஆகும், இறங்க வாரங்கள் ஆகும். இந்த வேக வேறுபாடு புரிந்துவிட்டால் ஆஸ்துமா வைத்தியத்தில் பாதி புரிந்த மாதிரி.

குழாய் கொஞ்சம் சுருங்கினால் இவ்வளவு அவதியா என்று தோன்றலாம். பாய்மங்களின் கணக்கு கொடூரமானது. குழாயின் ஆரம் பாதியானால் தடை இருமடங்காவதில்லை, சீரான ஓட்டத்தில் பதினாறு மடங்காகிறது. மூச்சை உள்ளே இழுக்கும்போது மார்பு விரிந்து குழாய்களையும் சற்று விரித்துக் கொடுக்கிறது. வெளியே விடும்போது அந்த உதவியும் இல்லை. அதனால்தான் வீசிங் சத்தம் பெரும்பாலும் மூச்சை விடும்போது கேட்கிறது. போன காற்று முழுதாக வெளியே வருவதற்குள் அடுத்த மூச்சை இழுக்க வேண்டியிருக்கிறது, நெஞ்சு காற்றால் நிரம்பிக்கொண்டே போகிறது. ‘மூச்சை இழுக்க முடியலை’ என்று நோயாளி சொல்வது, பழைய காற்றை விட முடியாததால்தான். யாரும் இறங்க வழியில்லாத பேருந்தில் புதிதாக யார் ஏற முடியும்?

எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. இழுப்பு மிகக் கடுமையாகும்போது வீசிங் சத்தம் நின்றுவிடும். விசில் சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று ஓடவில்லை என்று அதற்குப் பொருள். சத்தம் அடங்கியதைப் பார்த்து ‘இப்ப பரவாயில்லை, தூங்கட்டும்’ என்று வீட்டார் ஆறுதல் கொள்ளும் அந்த நேரம்தான் ஆபத்தின் உச்சம். மருத்துவர்கள் இதை ‘மௌன நெஞ்சு’ என்பார்கள்.

மருத்துவம் வரலாறு நெடுகத் தசையோடுதான் போராடியது. அதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டுச் சாயப்பூச்சி வளர்க்கப் பார்த்த ஜேம்ஸ் ஆண்டர்சன், மதராஸ் அரசின் தலைமை மருத்துவராகவும் இருந்தார். ஆஸ்துமாவுக்கு ஊமத்தையைப் புகைக்கும் உள்நாட்டு வழக்கத்தை அவரிடமிருந்து ஜென்ட் என்ற படைத்தளபதி கற்றுக்கொண்டு, 1802 வாக்கில் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அங்கே அது பரவி, ஊமத்தை இனச் சிகரெட்டுகள் இருபதாம் நூற்றாண்டு வரை மருந்துக் கடைகளில் விற்றன. ஊமத்தையில் உள்ள அட்ரோபின் வகைப் பொருட்கள் தசையை இறுகச் செய்யும் நரம்புச் செய்தியைத் தடுக்கின்றன. இன்றைய இப்ராட்ரோபியம், டையோட்ரோபியம் இன்ஹேலர்கள் அந்த வம்சத்தில் வந்தவைதான். (இதைப் படித்துவிட்டு யாரும் கொல்லையில் ஊமத்தை தேட வேண்டாம். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி அதில் மிகக் குறைவு.) 1860இல் ஆஸ்துமாவைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய ஆங்கில மருத்துவர் ஹென்றி ஹைட் சால்டர், தானும் ஆஸ்துமாக்காரர். அவர் கெட்டியான காப்பியைப் பரிந்துரைத்தார். காஃபீன் மூச்சுக்குழாயை லேசாக விரிப்பது உண்மைதான், சில மணி நேரம் தாங்கும். இழுப்பின்போது நம்பியிருக்கும் அளவுக்கு அதில் சரக்கு இல்லை.

1955இல் அமெரிக்காவின் ரைக்கர் மருந்து நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மெய்சனிடம் அவருடைய 13 வயது மகள் கேட்டாள்: ஸ்பிரே டப்பாவில் வாசனைப் பொருட்கள் வருகிறதே, என் ஆஸ்துமா மருந்து ஏன் அப்படி வருவதில்லை? அடுத்த ஆண்டே அழுத்தினால் அளவாக மருந்து பீய்ச்சும் இன்ஹேலர் வந்துவிட்டது. பைக்குள் வைத்துக்கொண்டு எங்கும் போகலாம் என்பது பெரிய விடுதலைதான். அந்த விடுதலைக்கு ஒரு விலையும் இருந்தது. 1959க்கும் 1966க்கும் இடையில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 5 முதல் 34 வயது வரையானோரின் ஆஸ்துமா மரணங்கள் ஏறத்தாழ மும்மடங்காயின. அதிக வீரியமுள்ள ஐசோபிரனலின் இன்ஹேலர் மீது சந்தேகம் விழுந்தது. 1976 முதல் நியூசிலாந்தில் அதே கதை மறுபடி நடந்தது, இம்முறை ஃபெனோடெரால் என்ற இன்னொரு இன்ஹேலர். 1989இல் ஆய்வாளர்கள் அதை அம்பலப்படுத்தி, அதன் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்டதும் மரணங்கள் சரிந்தன.

அந்த மருந்துகள் தம் அளவிலேயே இதயத்துக்குக் கெடுதி செய்தன என்ற வாதம் உண்டு. அதைவிடப் பொதுவான பாடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தசை தளர்ந்ததும் நோயாளிக்குச் சுகம், சுகம் வந்ததும் அவர் மருத்துவமனைக்குப் போவதில்லை. உட்சுவரின் வீக்கம் அதற்குள் ஓசையின்றி ஏறிக்கொண்டிருக்கும். முற்றிய வீக்கத்தைத் தசை தளர்த்தும் மருந்து அசைக்காது.

வீக்கத்தின் பக்கம் முதலில் திரும்பியவர்களில் ராஜர் அல்டூன்யனை மறக்கக் கூடாது. 1960களில் பிரிட்டிஷ் மருந்து நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த இந்த மருத்துவரும் ஆஸ்துமாக்காரர்தான். கினிப் பன்றி ரோமம் அவருக்கு ஆகாது. எனவே அந்த ரோமத்தைக் கரைத்த நீரைத் தானே சுவாசித்து இழுப்பை வரவழைத்துக்கொள்வார். அதற்கு முன்பு சோதனை மருந்து எடுத்திருந்தால் இழுப்பு குறைகிறதா என்று பார்ப்பார். இதைப் பல நூறு முறை செய்தார். இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் இதற்கு அனுமதி தராது. இப்படிப் பிறந்த குரோமோகிளைகேட், விலங்குச் சோதனையில் ஒன்றுக்கும் உதவாது என்று தோன்றிய மருந்து. இழுப்பு வந்தபின் கொடுத்தால் அது எதுவும் செய்யாது, முன்பே எடுத்தால் தடுக்கும். இன்று அதைவிட நல்ல மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் ஒன்றுமில்லாத நாளில் எடுக்க வேண்டிய மருந்து என்ற எண்ணத்தை ஆஸ்துமாவுக்குள் அழுத்தமாகக் கொண்டுவந்தது அதுதான்.

1980களில் லேசான ஆஸ்துமாக்காரர்களின் மூச்சுக்குழாய்ச் சுவரிலிருந்து திசுத்துணுக்கு எடுத்துப் பார்த்தபோது, நன்றாக இருக்கிறேன் என்றவர்களிடமும் அழற்சி தெரிந்தது. பின்லாந்தில் புதிதாக ஆஸ்துமா கண்டறியப்பட்ட 103 பேரை இரண்டு ஆண்டுகள் கவனித்த ஆய்வு 1991இல் வெளியானது. ஒரு பிரிவுக்குத் தசை தளர்த்தும் இன்ஹேலர், மறுபிரிவுக்கு புடசோனைடு என்ற ஸ்டீராய்டு இன்ஹேலர். இரண்டாவது பிரிவு எல்லா வகையிலும் தேறியது. முதல் பிரிவை மூன்றாம் ஆண்டு ஸ்டீராய்டுக்கு மாற்றியபோது அவர்களும் தேறினார்கள், ஆனால் ஆரம்பத்திலேயே தொடங்கியவர்கள் அளவுக்கு வரவில்லை. பின்லாந்து இதை நாட்டுத் திட்டமாகவே ஆக்கியது. 1993இல் ஆஸ்துமாவுக்காக மருத்துவமனைப் படுக்கையில் கழிந்த நாட்கள் 1,10,000. பத்து ஆண்டில் அது 51,000 ஆகக் குறைந்தது.

மறுபக்கம் பிரிட்டனைப் பாருங்கள். 2012–13இல் நிகழ்ந்த ஆஸ்துமா மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்த குழு, 2014இல் அறிக்கை தந்தது. மருந்துச் சீட்டு விவரம் கிடைத்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு, இறப்பதற்கு முந்தைய ஓராண்டில் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட, தசை தளர்த்தும் நிவாரண இன்ஹேலர்கள் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தன. மாதம் ஒன்றுக்கும் மேல்! இவர்கள் மருந்தே எடுக்காமல் இறந்தவர்கள் அல்லர்.

இப்படிச் சான்றுகள் குவிந்த பிறகு, 2019இல் ‘ஜினா’ எனப்படும் உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் ஒரு பெரிய மாற்றத்தைச் செய்தது. பெரியவர்களுக்குச் சால்பூட்டமால் போன்ற நிவாரண மருந்தை மட்டும் தனியாகக் கொடுத்துவிட்டு விடக் கூடாது, எவ்வளவு லேசான ஆஸ்துமாவாக இருந்தாலும் ஸ்டீராய்டு இன்ஹேலர் ஏதோ ஒரு வடிவில் சேர வேண்டும் என்றது. புடசோனைடும் ஃபார்மோடெராலும் ஒன்றாகச் சேர்ந்த இன்ஹேலர் இதற்கு வசதியானது. ஃபார்மோடெரால் சில நிமிடங்களில் தசையைத் தளர்த்துகிறது, கூடவே போகும் ஸ்டீராய்டு வீக்கத்தைக் கவனிக்கிறது. லேசான நோயில் தேவைப்படும்போது மட்டும், அதைவிடக் கூடுதலானால் தினமும், இடையில் இழுப்பு வந்தால் அதையே கூடுதலாக என்று ஒரே இன்ஹேலரை வைத்துச் சமாளிக்கலாம். எந்த முறை யாருக்கு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

‘ஸ்டீராய்டா? பழகிடுமே!’ அத்தியாயத்தின் இந்த இடத்தில் எந்தத் தமிழ் வீட்டிலும் இந்தக் குரல் எழும். கணக்கே பதில் சொல்லட்டும். தினமும் 400 மைக்ரோகிராம் புடசோனைடு எடுப்பவருக்கு ஆண்டு முழுவதும் சேர்த்து 146 மில்லிகிராம். ஒரே ஒரு கடும் இழுப்புக்கு நாளுக்கு 40 மில்லிகிராம் வீதம் ஐந்து நாள் பிரெட்னிசலோன் மாத்திரை விழுங்கினால் 200 மில்லிகிராம். இரண்டின் வீரியமும் ஒன்றல்ல என்பது சரி. ஆனால் இன்ஹேலர் மருந்து போக வேண்டிய இடத்துக்கு நேரே போகிறது, விழுங்கப்பட்ட மிச்சத்தில் பெரும்பகுதியைக் கல்லீரல் அழித்துவிடுகிறது. மாத்திரையோ உடல் முழுக்கச் சுற்றி எலும்பு, சர்க்கரை, கண் எல்லாவற்றையும் தொடுகிறது. ஸ்டீராய்டுக்குப் பயந்து இன்ஹேலரைத் தவிர்ப்பவர்தான் கடைசியில் கூடுதல் ஸ்டீராய்டு சாப்பிடுகிறார். சால்பூட்டமாலிலும் இதே கதைதான். 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்று 40 பஃப்புக்குச் சமம். மாத்திரை போட்டால் கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் இதனால்தான்.

மருந்து சரியாக இருந்தும் வேலை செய்யவில்லை என்றால் முதலில் கையைப் பாருங்கள். அழுத்தும் வகை இன்ஹேலரைக் குலுக்கி, மூச்சை முழுவதும் வெளியே விட்டு, உதட்டால் கவ்வி, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, தொடர்ந்து நிதானமாக இழுத்து, பத்து விநாடி அடக்க வேண்டும். வேகமாக இழுத்தால் மருந்து தொண்டைச் சுவரில் மோதி நின்றுவிடும். கேப்ஸ்யூலைப் போட்டுத் திருகும் பொடி வகைக்கு நேர்மாறு. அதை வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும், சாதனத்துக்குள் ஊதவே கூடாது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறியவர்கள் பழைய முறையிலேயே இழுத்துக்கொண்டிருப்பது சகஜம். அந்தக் கேப்ஸ்யூலைத் தண்ணீரோடு விழுங்குபவர்களும் உண்டு. அழுத்தும் இன்ஹேலரோடு ஸ்பேசர் குழலைச் சேர்த்துக்கொண்டால் கைக்கும் மூச்சுக்கும் தாளம் தவறினாலும் மருந்து உள்ளே போகும். உயிருக்கு ஆபத்தில்லாத இழுப்புகளில் ஸ்பேசரோடு எடுக்கும் இன்ஹேலர் நெபுலைசருக்குக் குறைந்ததில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. புகை வருவதால் நெபுலைசர் மீது நமக்கு ஒரு பக்தி. ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் வாயில் பூஞ்சை படரக்கூடும்.

முப்பது, நாற்பது வயதுக்குப் பிறகு முதன்முதலாக மூச்சிரைப்பு வந்தவர் முதலில் கேட்க வேண்டியது, இது ஆஸ்துமாதானா என்பதுதான். இரவில் படுத்ததும் மூச்சு முட்டினால் இதயம் காரணமாக இருக்கலாம். நெடுநாள் புகைத்தவருக்கும் விறகடுப்பில் ஆயுளைக் கழித்த அம்மாவுக்கும் வேறு நுரையீரல் அடைப்பு நோய் இருக்கலாம். நம்மூரில் ஆஸ்துமா என்று சொல்லக் கூசி ‘ஈஸ்னோபீலியா’ என்று சொல்லிக்கொள்பவர்கள் நிறைய. அந்தப் பெயரில் உண்மையாகவே தனி நோய் ஒன்றும் உண்டு. 1940இல் மதனப்பள்ளிக் காசநோய் மருத்துவமனையின் ஃப்ரிமோட்-மொல்லரும் பார்ட்டனும் காசநோய்போலத் தெரிந்து காசநோயாக இல்லாத ஒன்றைப் பதிவுசெய்தார்கள். யானைக்கால் புழுவுக்கு நுரையீரல் காட்டும் எதிர்வினை அது என்பது பின்னால் தெளிவானது. இரவு இருமல், வீசிங், ரத்தத்தில் எக்கச்சக்கமான ஈசினோஃபில் வெள்ளணுக்கள். அதற்கு டைஎதில்கார்பமசின் மாத்திரையை மூன்று வாரம் எடுக்க வேண்டும், இன்ஹேலர் உதவாது. இந்தக் குழப்பங்களைத் தீர்க்க ஸ்பைரோமெட்ரி என்ற ஊதல் பரிசோதனை இருக்கிறது. மருந்துக்கு முன்னும் பின்னும் ஊதச் சொல்வார்கள். முதல் விநாடியில் வெளிவரும் காற்று 12 சதவீதமும் 200 மில்லிலிட்டரும் கூடினால் ஆஸ்துமாவின் பக்கம் தராசு சாய்கிறது.

பெரியவர்களிடம் வேலையும் ஒரு காரணம். வளர்ந்தபின் வரும் ஆஸ்துமாவில் ஏறத்தாழ ஆறில் ஒன்றுக்குப் பணியிடத்தோடு தொடர்பு இருப்பதாகக் கணிக்கிறார்கள். கார் பெயிண்ட் அடிப்பவருக்கு ஐசோசயனேட், பேக்கரிக்காரருக்கு மாவு, அழகு நிலையத்தில் முடியை வெளுக்கும் பொடி. விடுமுறையில் தேறி, வேலைக்குத் திரும்பியதும் மோசமாவது இதன் கையெழுத்து. (நூற்பாலைப் பஞ்சுத் தூசியால் வாரவிடுமுறை முடிந்த முதல் நாள் நெஞ்சு இறுகுவது வேறு நோய், பிசினோசிஸ்.) சில நேரம் காரணம் ஊருக்கே பொதுவாக இருக்கும். 1981 முதல் 1987 வரை பார்சிலோனாவில் 26 முறை ஒரே நாளில் ஏராளமானோர் மூச்சுத்திணறி அவசரப் பிரிவுகளுக்கு ஓடினார்கள். அந்த நாட்களையும் துறைமுகப் பதிவேட்டையும் ஒப்பிட்டபோது குற்றவாளி சிக்கியது: கப்பலிலிருந்து இறக்கப்பட்ட சோயா மொச்சையின் தூசி. கிடங்கு ஒன்றில் தூசி வடிகட்டி இல்லை. அதைப் பொருத்தியதும் கொத்துக்கொத்தான இழுப்புகள் நின்றுபோயின.

நம் வீட்டுக் குற்றவாளி இன்னும் எளிதில் சிக்குவான். ஒரு கொசுவத்திச் சுருள் முழுதும் எரிந்து வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடுவதற்குச் சமம் என்று 2003இல் ஓர் ஆய்வு அளந்து சொன்னது. ஆஸ்துமாக்காரர் தூங்கும் அறையில் அதை ஏற்றிவிட்டு வாழைப்பழத்தைக் குற்றம் சொல்வதில் நியாயமில்லை. உண்மையான உணவு ஒவ்வாமை பெரியவர்களின் ஆஸ்துமாவுக்கு அடிக்கடி காரணமாவதில்லை. மருந்துகள் விஷயம் அப்படியில்லை. ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் சுமார் 7 சதவீதம் பேருக்கு ஆஸ்பிரினும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென் போன்ற வலி மாத்திரைகளும் கடும் இழுப்பைக் கிளப்பும், மூக்கில் சதை வளர்ச்சி உள்ளவர்களுக்கு முக்கியமாக. இதயத்துக்குத் தரும் சில பீட்டா தடுப்பு மருந்துகளும் கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டு மருந்தும்கூட ஆபத்து. கண்ணில் விடும் ஒரு சொட்டு நெஞ்சை அடைக்கும் என்று யார் நினைப்பார்கள்? எந்த மருத்துவரிடம் போனாலும் ஆஸ்துமா இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

நோயை வீட்டிலேயே அளக்கப் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறிய கருவி இருக்கிறது. முழு மூச்சோடு ஊதினால் முள் நகரும். உங்களுடைய மிகச் சிறந்த அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை, 50க்குக் கீழே இறங்கினால் அவசரம். உடம்புக்குத் தெரிவதற்கு முன்பே பல சமயம் இந்த எண் விழத் தொடங்கிவிடும். எந்த எண்ணில் என்ன செய்வது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்க முடியவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது, ஆள் சோர்ந்து தூங்கப் பார்க்கிறார் என்றால் உடனே 108ஐ அழையுங்கள். படுக்க வைக்காதீர்கள், நிமிர்ந்து உட்காரட்டும். வண்டி வரும்வரை சால்பூட்டமாலை ஸ்பேசர் வழியாக ஒவ்வொரு பஃப்பாக நான்கிலிருந்து பத்து வரை கொடுக்கலாம், தேவைப்பட்டால் 20 நிமிடத்துக்கு ஒரு முறை.

இந்தப் பக்கத்தை மூடுவதற்கு முன், கடந்த ஓராண்டில் எத்தனை நிவாரண இன்ஹேலர் வாங்கினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். மூன்றோ அதற்கு மேலோ என்றால், இழுப்பு வரும்வரை காத்திருக்காமல், நன்றாக மூச்சு விடும் ஒரு நாளில் இன்ஹேலரைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அவர் எதிரிலேயே ஒரு முறை இழுத்துக் காட்டுங்கள்.